கண்டி மலைகளும் கணினி வலைகளும்

கண்டி ஏரிக்கரையை விட்டுத் தென்கிழக்காக ஏறுகின்ற வீதி அம்பிட்டியவைக் கடந்து, தலாத்துஓயா வழியாக ஹங்குராங்கெத்தையைச் சென்றடைகின்றது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன், கண்டி மாநகரை விட்டகன்று வாழ்ந்தது அந்த ஹங்குராங்கெத்தைப் பகுதியிலேதான். அக்காலத்து மலைநாட்டு வழிகளில் ஒருவன் நினைத்தபடி நடந்துவிட இயலாது. குறுகலான கணவாய்களிலே முட்கதவுகள் இருந்தன. கதவருகே காவலர் இருந்தனர். காவலரிடம் காட்டுவதற்கு அடையாளம் ஒன்றும் வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதிவைத்தவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660 ஆம் ஆண்டில் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி இராச்சியத்திலே காலங் கழித்து, 1679 இல் தப்பியோடி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தவர் அவர். 1681 இல் வெளிவந்த அவருடைய நூலிலே முட்கதவின் அமைப்பு ஒரு தச்சன் சொல்வது போலத் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. இரும்பாணி போன்ற நீண்ட முட்கள் நிறைந்த கிளைகளை நெருக்கமாகப் பின்னி, நிமிர்ந்த கழிகளிலே கட்டிக் கதவாக்கி, மேலேயுள்ள குறுக்கு மரத்திலிருந்து தொங்கவிடுவர். வேண்டும்போது அதனைத் தூக்கலாம். வேண்டாதபோது விழுத்திக் கட்டிவிடலாம். யானைமேல் ஏறிவருவோரும் நுழையத்தக்க உயரம் அதற்கு உண்டு.

அடையாளமோ இன்னும் சுவையானது. களிமண்ணிலே பதித்த உருவந்தான் வழிப்போக்கனுடைய அனுமதிச் சீட்டு. போர்வீரனாயின் தோளில் ஈட்டி தாங்கிய மனிதனின் உருவம். கூலியாளாயின் இரு முனையிலும் பை தொங்குங் காவுதடியைச் சுமந்தவனின் உருவம். வெள்ளைக்காரனாயின் இடையில் வாளும் தலையில் தொப்பியும் உள்ள உருவம். கூட்டத்தில் எத்தனை பேர் உளரோ அத்தனை பதிவுகள் அந்த மண்ணில் இருத்தல் வேண்டும். நகருக்குள் வருவோரைக் காட்டிலும் நகரை விட்டு வெளியேறுவோரே கடுமையாகச் சோதிக்கப்பட்டனர் என்றும் நொக்ஸ் கூறுகின்றார். எழுத்தறியாத காவலனும், உருவத்தை நோக்கியும் எண்ணிக்கையை ஒப்பிட்டும், கதவைத் தூக்குவதா விழுத்துவதா என்று கணத்திலே தீர்மானிக்கத்தக்க முறை இது.

இத்தகைய காவலிடத்தைச் சிங்களத்தில் கடவத்த என்பர். தமிழில் வழிக்குக் கடவை என்ற பெயர் உண்டு. பிறநாடு செல்வோர் கையில் வைத்திருப்பது கடவுச்சீட்டு. கணினியைத் திறப்பதற்கு இடுவது கடவுச்சொல். சொற்களின் பிறப்பு எவ்வாறாயினும், ஒலியும் பொருளும் இப்படி நெருங்கி நிற்பது கவனிக்கத்தக்கது. ஏனெனில், இராஜசிங்கன் காலத்து முட்கதவின் முறையை நன்கு விளங்கிக்கொண்டவருக்கு இன்றைய கணினி வலைகளின் இலக்கணம் பாதி விளங்கிவிடும்.

இரண்டு கணினிகளை ஒரு கம்பியினால் இணைப்பது பெரிய வித்தையன்று. வெவ்வேறு நாட்டவர், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு முறையில் செய்த பல கோடி கருவிகள், ஒன்றையொன்று முன்பின் அறியாத நிலையிலும், அனுப்பிய செய்தியைப் பிழையின்றிப் பெற்றுக்கொள்ளச் செய்வதே வித்தை. அதற்குக் கம்பி போதாது; உடன்பாடு வேண்டும். செய்தி எங்கே தொடங்குகிறது, யாருக்கு உரியது, எந்த வகையைச் சேர்ந்தது, வழியில் தொலைந்தால் யார் மீண்டும் அனுப்புவது என்பனவெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வாறு வகுத்த விதிகளையே ஆங்கிலத்தில் புரொட்டகோல் என்றும், தமிழில் நெறிமுறை என்றும் வழங்குகின்றனர். அந்த ஆங்கிலச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ஏட்டுச் சுருளின் முகப்பில் ஒட்டப்பெற்ற முதல் தாளைக் குறித்தது. பின்னர் அது அரசவைகளில் தூதர் நடந்துகொள்ள வேண்டிய ஆசாரத்தைக் குறிக்கலாயிற்று. கண்டியரசவைக்கு வந்த ஒல்லாந்தத் தூதர் முழந்தாளிட்டு நின்றதும் அவ்வகை ஆசாரமே. 1967 இல் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தினர் தம் கணினி வலைக்குரிய விதிகளை எழுதியபோது அச்சொல்லைக் கையாண்டனர். சுருளின் முகப்புத் தாளுக்கு இட்ட பெயர் கணினிச் செய்தியின் முகப்புக்குப் பொருந்தியது தற்செயலேயாயினும் அழகானது.

பொது உடன்பாடு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு அம்பிட்டியவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1893 ஆம் ஆண்டில், பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் காலத்தில், இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான ஒரு குருமடம் அங்கே நிறுவப்பட்டது. போலந்து நாட்டவரான சலெஸ்கி என்னும் பாப்பரசரின் பிரதிநிதி அதன் தோற்றத்துக்குக் காரணராயிருந்தார். பெல்ஜிய நாட்டு யேசு சபைத் துறவிகள் அதனை நடத்தினர். தமிழ், மலையாளம், கொங்கணி, சிங்களம், வங்காளம் எனப் பல மொழி பேசும் நிலங்களிலிருந்து மாணவர் வந்து சேர்ந்தனர். ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஆசிரியரை வைப்பது நடவாத காரியம். ஒருவர் மொழியை மற்றெல்லார் மீதும் சுமத்துவதும் பொருந்தாது. ஆகவே தத்துவமும் இறையியலும் எவருக்கும் தாய்மொழியல்லாத இலத்தீனிலே கற்பிக்கப்பட்டன. 1955 இல் அக்குருமடம் புனே நகருக்குப் பெயர்ந்தது. அம்பிட்டிய வளாகம் இலங்கையின் தேசிய குருமடமாயிற்று.

கணினி உலகம் இதே சிக்கலை 1970 ஆம் ஆண்டுகளில் எதிர்கொண்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் எழுந்த ஆர்ப்பாநெற் என்னும் வலையில் 1969 ஒக்தோபர் 29 ஆம் நாள் முதற் செய்தி அனுப்பப்பட்டது. லொஸ் ஏஞ்சலிசிலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிலையத்துக்கு 'லொகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றனர். முதலிரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தவுடன் அங்கிருந்த பொறி செயலிழந்தது. அன்று பாதி எழுத்தோடு நின்ற வேலை பிறகு விரைவாகவே வளர்ந்தது. ஆனால் தரைக்கம்பி வலை ஒன்று, வானொலி வலை ஒன்று, செயற்கைக்கோள் வலை ஒன்று எனப் பலவும் தனித்தனியே தோன்றி, ஒன்றன் பேச்சு மற்றொன்றுக்கு விளங்காத நிலை ஏற்பட்டது. வின்ட் செர்ஃப், றொபேட் கான் என்னும் இருவர் 1974 இல் ஒரு தீர்வை வெளியிட்டனர். எந்த வலையும் தன் உள்முறையை மாற்ற வேண்டியதில்லை. வலைகளுக்கிடையே போகும்போது மட்டும் எல்லோரும் ஒரே பொதுமுறையைக் கைக்கொண்டால் போதும் என்பதே அதன் சாரம். 1983 சனவரி முதலாந் திகதி ஆர்ப்பாநெற் முழுவதும் அப்பொதுமுறைக்கு மாறியது. அதுவே இன்று டீசீபீ, ஐபீ என்ற பெயர்களால் வழங்குவது. அம்பிட்டிய மாணவருக்கு இலத்தீன் எப்படியோ, வலைகளுக்கு ஐபீ அப்படி.

அதன் செயல் இவ்வாறு அமைந்துள்ளது. நீண்ட செய்தியை முழுதாக அனுப்பாமல் சிறு பொதிகளாகத் துண்டாடுவர். ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி, பொதியின் நீளம், அதன் வகை ஆகியவை எண்களாகப் பொறிக்கப்படும். வழியிலுள்ள சந்திகளிலே திசைகாட்டும் பொறிகள் நிற்கின்றன. அவை பொதியின் உள்ளடக்கத்தைப் படிப்பதில்லை. முகப்பை மட்டும் நோக்கி அடுத்த சந்திக்குத் தள்ளிவிடுகின்றன. காவலன் வழிப்போக்கனுடைய வரலாற்றைக் கேளாமல் களிமண் பதிவை மட்டும் பார்த்தது போன்றதே இதுவும். முகவரி பிழைத்த பொதி வழி தெரியாமல் சுற்றிக்கொண்டேயிருக்குமன்றோ எனின், அதற்கும் ஏற்பாடுண்டு. ஒவ்வொரு சந்தியிலும் குறைகின்ற ஓர் எண் முகப்பிலே உள்ளது; அது பூச்சியமானவுடன் பொதி எறியப்படுகின்றது.

ஐபீ பொதியைச் சுமக்குமேயன்றிச் சேர்ந்ததா என்று கவலைப்படாது. அக்கவலை டீசீபீக்கு உரியது. அது பொதிகளுக்கு வரிசை இலக்கமிட்டு, பெற்றவரிடம் ஒப்புதல் வாங்கி, ஒப்புதல் வராத பொதியை மறுபடியும் அனுப்பும். பதிவுத் தபால் போன்ற இம்முறை கடிதத்துக்கும் கணக்குக்கும் ஏற்றது. பேச்சுக்கு அது ஏற்றதன்று. தொலைந்துபோன ஒரு சொல்லுக்காகப் பேச்சு முழுவதும் காத்து நிற்க இயலாது. ஆகையால் குரலையும் காட்சியையும் உடனுக்குடன் அனுப்புவதற்குப் பெரும்பாலும் யூடீபீ என்னும் வேறொரு முறையைக் கையாளுகின்றனர். அது அனுப்பிவிட்டு அப்பால் நகர்ந்துவிடும். வானொலி நேயர்களுக்கு இது புதிதன்று. அறிவிப்பாளர் ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னும், விளங்கியதா என்று ஊரூராகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

இவற்றின் மேல் அந்தந்த வேலைக்குரிய நெறிமுறைகள் அமைந்துள்ளன. ஒரே கணினிக்குப் பலவகைச் செய்திகள் வரும்போது எது எந்த வேலைக்குரியது என்று அறிவதற்கு வாயில் எண்கள் உள்ளன. மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கு 25. இணையப் பக்கங்களுக்கு 80. பூட்டி முத்திரையிட்ட இணையப் பக்கங்களுக்கு 443. பெயரைச் சொல்லி முகவரி கேட்பதற்கு 53. ஈட்டிக்காரன், காவுதடிக்காரன், தொப்பிக்காரன் என்ற உருவங்களின் தொழிலை இன்று இவ்வெண்கள் புரிகின்றன. இன்ன எண்ணுடையது நுழையலாம், இன்னது வெளியேறலாகாது என்று விதித்து நிற்கும் காவற் பொறிக்கு ஆங்கிலத்தில் நெருப்புச்சுவர் என்று பெயர். முட்கதவு என்பதே அதற்குப் பொருத்தமான பெயர். நெருப்புச்சுவர் எல்லாவற்றையும் தடுக்கும்; இதுவோ சிலவற்றை விடுகின்றது, சிலவற்றைத் தடுக்கின்றது. நொக்ஸ் தப்பிய விதமும் இங்கு நினைவுகூரத்தக்கது. அவர் கதவை உடைக்கவில்லை. ஊரூராகப் பண்டம் விற்கும் வணிகராகப் பல ஆண்டுகள் திரிந்து, அந்த வேடத்திலேயே வடதிசை நோக்கி நழுவினார். கணினிகளைத் தாக்கும் தீய நிரல்களும் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட செய்தியின் வேடத்திலேதான் வருகின்றன.

பகைவரைப் பல காலம் தடுத்து நிறுத்திய இம்மலைகள் 1944 ஏப்பிரலில் உலகப் போரின் செய்தி மையமாக மாறின. மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றி, பேராதனைத் தாவரவியற் பூங்காவிலே நிலைபெறச் செய்தார். பர்மாப் போர்முனைக்கும் இலண்டனுக்கும் உரிய கட்டளைகள் மரநிழற் கொட்டகைகளிலிருந்து தந்தியாகவும் வானலையாகவும் புறப்பட்டன. 1945 இன் இறுதிக்குள் அத்தலைமையகம் சிங்கப்பூருக்குச் சென்றுவிட்டது.

வானலையில் கணினிகளை முதன்முதலாக வெற்றிகரமாக இணைத்தவர்களும் தீவுவாசிகளே. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் என்பார் 1971 இல் அலோகா என்னும் வலையை இயக்கினார். கடலால் பிரிந்த தீவுகளுக்கிடையே கம்பி இடுவது பெருஞ்செலவு. ஆகவே எல்லாக் கருவிகளும் ஒரே அலைவரிசையில் பேசுமாறு விடப்பட்டன. இருவர் ஒரே வேளையில் பேசினால் இரு பேச்சுங் குழம்பும் என்பது உண்மைதான். குழம்பினால் ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவு நேரம் காத்திருந்து மீண்டும் பேசவேண்டும் என்பதே அங்கு விதி. எளிய இவ்விதி போதுமானதாயிற்று. ஒரே கட்டடத்திலுள்ள கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெற் 1973 இல் இதிலிருந்தே ஊக்கம் பெற்றது. 1997 இல் விதிகள் வகுக்கப்பெற்ற வைஃபை முறையோ, பேசுவதற்கு முன் வெளி அமைதியாயுள்ளதா என்று செவிகொடுத்துக் கேட்டு, அதன்பின் பேசும் நாகரிகத்தைச் சேர்த்துக்கொண்டது. ஓர் அறைக்குள், சில முழ தூரத்தில், கைப்பேசியையும் ஒலிவாங்கியையும் இணைப்பது புளூடூத். அது பத்தாம் நூற்றாண்டு டென்மார்க்கு மன்னன் ஒருவனின் பட்டப்பெயரைத் தாங்கியது. ஊர்களை இணைப்பது கைப்பேசிக் கோபுரங்களின் வேலை. தெற்காசியாவின் முதற் கைப்பேசிச் சேவை 1989 இல் இலங்கையிலேயே தொடங்கியது. மூன்றாந் தலைமுறைச் சேவையும் 2006 இல் இங்கேயே முதலில் வந்தது.

இவ்வளவு முந்திய நாட்டில் மலைநாடு மட்டும் பிந்தியதற்குக் காரணம் அலைகளின் இயல்பு. பழைய சிற்றலை வானொலி வானிலே மோதித் திரும்பிக் கடல் கடந்தும் கேட்கும். மத்திய அலை நிலத்தையொட்டிப் பரவும். கணினிச் செய்தியை மிகுதியாகச் சுமக்கும் உயரதிர்வு அலைகளோ ஒளியைப் போல நேர்கோட்டிலே செல்ல விரும்புவன; குன்று குறுக்கிட்டால் நின்றுவிடுவன; மழைநீர் தாங்கிய இலைச்செறிவிலும் மெலிவன. அதனாலேயே கண்டிக்குத் தெற்கிலுள்ள ஹந்தானை மலைத்தொடரில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் எழுந்தன. உச்சியிலிருந்து காணத்தக்க ஊருக்கு வளம். மறைவிலுள்ள பள்ளத்தாக்குக்கு வறுமை. 2020, 2021 ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்துக்கு மாறியபோது, இலங்கையின் மலைப்புறக் கிராமங்களில் பிள்ளைகள் அலை எட்டும் பாறைகளைத் தேடி ஏறிச்சென்று, குடைபிடித்துக்கொண்டு பாடங் கேட்டனர். முட்கதவு இல்லாத வழியிலே மலையே கதவாகி நின்றது.

இலங்கையில் கணினி வலை பல்கலைக்கழகங்களிலிருந்து தொடங்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று வகுத்த லேர்ன் வலை 1990 இல் தொலைபேசி வழியான மின்னஞ்சலோடு பிறந்தது. 1995 இல் பொதுமக்களுக்கான இணையச் சேவை வந்தது. ஆயினும் மின்சாரமும் தொலைபேசியும் ஆங்கிலமும் எட்டாத கிராமத்தானுக்கு அது என்ன பயன் தந்தது என்ற கேள்வி எஞ்சிற்று. விடையொன்று கண்டிக்குத் தெற்கே கொத்மலையில் கிடைத்தது. மகாவலித் திட்டத்தின் பெரும் அணையொன்று எழுந்த அந்நிலத்தில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் சமூக வானொலி நிலையம் ஒன்று 1989 முதல் இயங்கிவந்தது. 1998 இல் யுனெஸ்கோவின் துணையோடு அந்நிலையத்துக்கு இணைய இணைப்பும் கணினிகளும் வந்தன. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்குக் கணினி வைக்கப்பட்டது. வானொலியிலோ புதுமையான ஒரு நிகழ்ச்சி தொடங்கிற்று. நேயர்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேள்வி அனுப்புவர். நிலையத்தார் ஒலிபரப்பு நடக்கும்போதே இணையத்தில் விடையைத் தேடுவர். துறையறிந்த ஒருவர் உடனிருந்து, ஆங்கிலத்தில் கிடந்ததை ஊர்மொழியில் விளக்குவர்.

நெறிமுறை நூல்கள் வலையைப் பல அடுக்குகளாகப் பிரித்துப் பேசும். கீழே கம்பியும் அலையும். நடுவே ஐபீயும் டீசீபீயும். மேலே மின்னஞ்சலும் பக்கங்களும். கொத்மலையில் அவ்வடுக்குகளுக்கெல்லாம் மேலே இன்னுமோர் அடுக்கு இருந்தது. அது மனிதக் குரல். கணினி விற்பவர் பட்டியலில் அதற்கு இடமில்லை. எனினும், முகவரி தப்பாமல் உலகைச் சுற்றிவந்த பொதி, கடைசி ஐந்து மைலைக் கடந்து கிராமத்தானின் காதுக்குள் நுழைந்தது அதனாலேதான்.

மொழியின் சிக்கல் அங்கே தீர்ந்துவிடவில்லை. ஒரு செய்தி பழுதின்றி வந்து சேர்ந்தும் படிக்க இயலாமற் போகலாம் என்பதைத் தமிழர் நேரிற் கண்டனர். பல ஆண்டுகளாகத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையில் அமைந்திருந்தன. இலங்கையில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தோன்றும். டீசீபீயின் கணக்கில் அக்கடிதம் முறைப்படி சேர்ந்ததுதான்; ஒப்புதலுங் கொடுக்கப்பட்டதுதான். 1991 இல் வெளிவந்த யூனிகோட் தமிழெழுத்துகளுக்கு உலகப் பொதுவான எண்களை வகுத்தது. அது கணினிகளிலும் கைப்பேசிகளிலும் பரவிய பின்னரே அக்குறை பெரிதும் நீங்கியது.

எஞ்சியது முகவரி. கணினிகள் எண்களையே முகவரியாகக் கொள்வன. மனிதரோ பெயர்களையே நினைவில் வைப்பர். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் பெயரேட்டு முறை 1983 இல் வகுக்கப்பட்டது. அம்முறை ஆங்கிலம் எழுதப் பயன்படும் இலத்தீன் எழுத்துகளையும் எண்களையும் சிறு கோட்டையும் மட்டுமே ஏற்கும். இலங்கைக்கு 1990 இல் ஈரெழுத்து ஆங்கில முடிவு கிடைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2010 இல், 'இலங்கை' என்று தமிழிலும் 'லங்கா' என்று சிங்களத்திலும் முகவரிகள் முடியலாம் என்னும் உரிமை உலகப் பெயரேட்டில் இடம்பெற்றது. பழைய முறையை இதற்காக எவரும் திருத்தவில்லை. அம்பிட்டியவிலிருந்து ஒருவர் தமிழில் முகவரியைத் தட்டும்போது, அவருடைய கணினி அதனை ஓசையற்ற, உச்சரிக்க முடியாத இலத்தீன் எழுத்துக் கோவையாக மாற்றி, 53 ஆம் வாயிலுக்கு அனுப்புகின்றது. விடையாக எண் வருகின்றது. பக்கம் தமிழிலே திறக்கின்றது.